கர்டோசாவின் டி நைன்த்

மேலே வைக்க முடியாது தம்பி. மடியில்தான் இருக்கும். உங்கள் முழங்காலைக் கொஞ்சம் நகர்த்துங்கள், இடிக்கிறது.

கிதார்தான். வேறென்ன, சுறாமீனா? எல்லோரும் கேட்கிறார்கள். கண்டக்டர் லக்கேஜ் போடவா என்றான். போட்டுப் பார் என்றேன். போய்விட்டான்.

திருநெல்வேலிக்கு. தந்தி வாங்கப் போகிறேன். தூத்துக்குடியில் கிடைக்காதா என்று கேட்காதீர்கள். கிடைக்கும். கிடைக்கிற கடையில் அவனும் வாங்குகிறான். அவன் கை வைத்த டப்பாவில் நான் கை வைக்க மாட்டேன்.

அவன் என்றால் கர்டோசா. ஜஸ்டின் கர்டோசா. எங்கள் தெருதான். கப்பலில் பேண்டு வாசித்தவன். உல்லாசக் கப்பல். வெள்ளைக்காரர்கள் சாப்பிடும்போது வாசிப்பானாம். சாப்பிடுகிறவன் எதைக் கேட்டான்? அதெல்லாம் ஒரு வாசிப்பா? பெண்டாட்டி செத்துப்போனாள். பிள்ளைகள் கனடாவில். ஊருக்குத் திரும்பிவிட்டான். திரும்பினவன் வீட்டில் இருக்கலாம் அல்லவா? மாதா கோவிலுக்கு வந்தான். சரி, வரட்டும். கிதாரோடு வந்தான்.

என் பெயர் தொம்மை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன். கோவில் பாட்டுக் குழுவில் கல்யாணத்துக்கு முந்தியே நான்தான் கிதார். கல்யாணம் நடந்ததே அதனால்தான். சலேத்து பாடுவாள். என் வீட்டுக்காரி. அவள் குரலைப் பற்றி நான் சொல்லக் கூடாது, ஊரில் கேளுங்கள். பெண் பார்க்கப் போனோம். அவள் அம்மா எங்கள் அப்பாவிடம், "மாப்ள எப்படி?" என்று கேட்டாள். அப்பா யோசித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படித்தான். உள்ளேயிருந்து இவள் குரல் கொடுத்தாள். "அவரு எனக்குப் பின்னால வாசிப்பாரும்மா. திரும்பிப் பாக்கவே வேண்டாம்."

அவ்வளவுதான். பாக்கு வெற்றிலை மாற்றிவிட்டார்கள்.

பேச்சு எங்கேயோ போகிறது. கர்டோசா.

கார்டு என்றால் தெரியும்தானே? நாலைந்து தந்தியைச் சேர்த்து அமுக்கி ஒரே தட்டாகத் தட்டுவது. எங்கள் மாதா பாட்டுக்கு மூன்று கார்டு போதும். ஜி, சி, டி செவன். ஜி வீடு. சி பக்கத்துத் தெரு. டி செவன் வீட்டு வாசல். வாசலுக்கு வந்துவிட்டால் உள்ளே போய் உட்கார வேண்டும். இதுதான் சங்கதி. இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். என் காலம் முழுக்க ஒரு குறை யாரும் சொன்னதில்லை.

இவன் வந்த பிறகு முதல் ஒத்திகை. பங்குச் சாமியார் சின்ன வயசுக்காரர். "ரெண்டு கிதார் இருந்தா இன்னும் நல்லாருக்கும்ல தொம்மை ஐயா?" என்றார். "இருக்கட்டும் சாமி" என்றேன். வேறு என்ன சொல்ல?

இரண்டாவது வரி முடிகிற இடம். நான் டி செவன் வைக்கிறேன். அதே இடத்தில் அவன் வேறு ஒன்றை வைத்தான். சத்தமில்லாமல் வைத்தான். எண்ணெய் விட்ட கதவு மாதிரி.

சலேத்து திரும்பினாள்.

திரும்பினாள் தம்பி. பாடிக்கொண்டே. கழுத்து இப்படி, தோளுக்கு மேலே. கல்யாணத்துக்கு முந்தியிருந்து அவள் பின்னந்தலையைப் பார்த்து வாசிக்கிறவன் நான். கொண்டையில் ஊசி எங்கே எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள், ஒரு பாட்டில், என் பக்கம் அந்தக் கழுத்து திரும்பியது கிடையாது.

பாட்டு முடிந்ததும் கேட்கிறாள். "அண்ணே, அது என்னண்ணே, இடையில வச்சீய?"

"டி நைன்த் தங்கச்சி. செவன் மேல இன்னொரு சுரம். சும்மா ஒரு வாசனைக்கு."

"தொண்டைய யாரோ கீழ இருந்து தாங்குதாப்ல இருந்திச்சு."

தாங்குகிறானாம். நான் இத்தனை நாளும் என்ன, தள்ளிவிட்டேனா?

அண்ணன் தங்கச்சி என்றுதான் பேசிக்கொண்டார்கள். எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

அதற்குப் பிறகு வீட்டில் அந்த வரியை முனகிக்கொண்டே மீன் கழுவினாள். மற்ற வரிகளை முனகவில்லை. அந்த ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஒரு தூக்குவாளியில் குழம்பு அனுப்பினாள். தனி ஆளாம், பாவமாம். என் தட்டில் பார்க்கிறேன், வால் துண்டு. நடுத்துண்டு எங்கே போனது? நான் கேட்கவில்லை. எனக்கு வால்தான் பிடிக்கும். அவளுக்கு அது தெரியும். அது வேறு விஷயம். நடுத்துண்டு எங்கே போனது?

முடிவு பண்ணினேன். அந்த நைன்தை நான் வைக்கிறேன். திருவிழாவில் வைக்கிறேன். யாருக்குத் திரும்புகிறாள் என்று பார்ப்போம்.

அவனிடமே கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? நல்லா இருக்கிறது. அவனாகவே ஒரு நாள் வந்து, "அண்ணே, விரல் எப்படி வைக்கதுன்னு காட்டவா?" என்றான். "எனக்குத் தெரியும் வே" என்றேன். தெரியாது. ஆனால் அதை அவனா சொல்வது?

ஒத்திகையில் எதிரே உட்கார்ந்து அவன் விரலைப் பார்த்து மனப்பாடம் பண்ணினேன். வீட்டுக்கு வந்து வைத்தால் கழுதை கத்துகிறது. எதிரே இருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலம் மாறும் அல்லவா? அவன் ஒரு விரலைப் பின்னால் வைத்தால் நான் முன்னால் வைத்திருக்கிறேன். அந்த ஒரு வாரம் வீண்.

பிறகு போனில் தேடினேன். ஒரு வெள்ளைக்காரன். முகம் தெரியாது, விரல் மட்டும் தெரியும். அது நல்லது, முகம் எதற்கு? ஐந்தாம் தந்தியில் நடுவிரல். நாலாம் தந்தியில், ஒரு கட்டம் பின்னால், ஆள்காட்டி விரல். மீதி மூன்று மெல்லிய தந்தியையும் மோதிர விரல் ஒன்றே படுத்து அமுக்க வேண்டும். அவ்வளவுதான் நைன்த். அதற்குப் பிறகும் அவன் ஏதோ பேசிக்கொண்டே இருந்தான், எங்கே வைக்கணும், எங்கே போகணும் என்று கையை ஆட்டி ஆட்டி. எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் புரியும். பொறுமை கிடையாது. நமக்கு விரல் போதும். அணைத்துவிட்டேன்.

வீட்டில் பழக முடியாது. அவள் இருப்பாள். கடற்கரையில் பழைய விசைப்படகு ஒன்றைக் கரையேற்றிப் போட்டிருக்கிறார்கள். எஞ்சினைக் கழற்றி விற்றாயிற்று. அந்தக் குழிக்குள் உட்கார்ந்துகொண்டால் யாருக்கும் தெரியாது. மத்தியானம் சாப்பிட்டதும் கிதாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போய்விடுவேன்.

தம்பி, உங்கள் மோதிர விரலை நீட்டுங்கள். நுனி மூட்டைப் பின்பக்கமாக வளையுங்கள். வளைகிறதா? உங்களுக்கு வளையும். எனக்கு வளையாது. கிரேன் லீவரைப் பிடித்துப் பிடித்து உள்பக்கமாகவே நின்றுவிட்ட விரல். மூன்று தந்தியில் ஒன்று பேசும், ஒன்று இருமும், ஒன்று செத்துப்போகும். செத்ததை எழுப்பினால் பேசினது செத்துப்போகும். அந்தக் குழிக்குள் டீசல் நாற்றம். வெக்கை. கர்டோசா ஏசியில் பழகியிருப்பான்.

இன்னொரு தொல்லை, மோதிரம். கல்யாண மோதிரம் தம்பி, நல்ல கனம். கிதார் கழுத்தில் இடித்து ணங், ணங் என்றது. கழற்றினேன். சோப்புப் போட்டுத்தான் கழற்ற முடிந்தது. போட்ட நாளிலிருந்து கழற்றினதில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வேலைக்கு இடைஞ்சல், கழற்றினேன். இதில் என்ன இருக்கிறது?

அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள்.

"மோதிரம் எங்க?"

"விரல் வீங்கியிருக்கு."

விரலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "தினமும் மத்தியானம் எங்க போயிட்டு வாரிய?"

"கடக்கரைக்கு."

"யாரப் பாக்க?"

"யாரப் பாக்கணும்?"

அதோடு நிறுத்திக்கொண்டாள். நீங்களே யோசியுங்கள். நான் எப்போது போகிறேன், எங்கே போகிறேன் என்று இவளுக்கு எதற்கு? வீட்டில் ஆள் இல்லாத நேரம் தெரிய வேண்டும், அதற்குத்தானே?

அதற்குப் பிறகு முனகல் நின்றுவிட்டது. என்னிடம் பேச்சும் நின்றுவிட்டது. சாப்பாட்டைப் போட்டுவிட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். கண் சிவந்திருக்கும். குழம்பில் உப்பில்லை. உப்பளத்து ஊரில் உப்பில்லாத குழம்பு! மனசு இங்கே இல்லை என்று தெரிந்துகொண்டேன். எங்கே இருக்கிறது என்றும் தெரிந்தது. கேட்டால் சண்டை வரும். வாயை மூடிக்கொண்டு படகுக்குப் போனேன்.

ஒரு நாள் போகிற வழியில் பார்க்கிறேன், சலேத்து அவன் வாசல்படியில் நிற்கிறாள். தலையில் முக்காடு. முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். நான் கம்பத்துக்குப் பின்னால் நின்றேன். அவன் இரண்டு கையையும் விரித்துச் சொல்கிறான்: "எனக்கு ஒண்ணும் தெரியாது தங்கச்சி. எங்கிட்ட அவரு வாயத் திறந்து பேசினாத்தானே? அப்படி ஆளு இல்ல அவரு. நீ அழாத."

என்னைப் பற்றியும் பேச்சு பார்த்தீர்களா? என்னவோ கேட்கப் போயிருக்கிறாள், அவன் தட்டிக் கழிக்கிறான். கப்பல்காரன் அப்படித்தான். இழுத்து விட்டுவிட்டு எனக்கு ஒன்றும் தெரியாது என்பான்.

நேரே படகுக்குப் போனேன். அன்றைக்கு விரல் படுத்தது தம்பி. என்ன கோபமோ, மூட்டு மளுக்கென்றது, படுத்துவிட்டது. மூன்று தந்தியும் பேசின. ஒன்று போல. நான் மறுபடி தட்டினேன். மறுபடி பேசின. குழிக்குள் உட்கார்ந்து இருட்டுகிற வரைக்கும் அதையே தட்டிக்கொண்டிருந்தேன். அவன் வைத்ததைவிட நல்லா இருந்தது. நான் நியாயமாகத்தான் சொல்கிறேன்.

திருவிழா வந்தது.

எங்கள் கோவில் வழக்கம் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புரியாது. சாயங்காலப் பூசை முடிந்ததும் மாதா பாட்டு. ஜனம் முழுக்க எழுந்து நிற்கும். மாதா சுரூபம் வைத்த சப்பரம் நடுவாசலில் தயாராக இருக்கும். கடைசி வரி தொடங்கும்போது தூக்குகிறவர்கள் குனிந்து தண்டயத்துக்கு, அதாவது தூக்குகிற கம்புக்கு, தோள் கொடுப்பார்கள். பாட்டு முடிகிற அந்தத் தட்டில் எல்லோரும் ஒரே மூச்சாகத் தூக்க வேண்டும். முன்னால் தூக்கக் கூடாது, பாட்டை வெட்டின மாதிரி. பின்னாலும் தூக்கக் கூடாது. என் ஜி விழுந்தால் சப்பரம் எழும்பும். வெளியே வேட்டு. காலம் காலமாக இதுதான்.

பாட்டு ஆரம்பித்தது. சலேத்து முன்னால். நான் அவளுக்குப் பின்னால். கர்டோசா எனக்கு இடது பக்கம். இரண்டாவது வரி முடிகிற இடத்தில் நைன்தை வைத்தேன். சுத்தமாக விழுந்தது. கர்டோசா சட்டென்று என்னைப் பார்த்தான். வாயைப் பிளந்தான். சிரித்தான். தலையை வேறு ஆட்டினான். இவன் பார்த்து யாருக்கு வேண்டும்?

அவள் திரும்பவில்லை.

நாலாவது வரியில் வைத்தேன். தோள் லேசாக அசைந்தது. அவ்வளவுதான். அடுத்த அடி, அதற்கடுத்த அடி, டி செவன் இருந்த இடத்திலெல்லாம் வைத்தேன். இல்லாத இடத்தில் இரண்டு வைத்தேன். திரும்பவில்லை. ஊசி வைத்த கொண்டை. மல்லிகைப்பூ.

கடைசி வரி. ஜியில் முடிக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. டீசல் நாற்றத்தில் உட்கார்ந்து பழகினதை வழியில் இறைத்துவிட்டு, காலம் காலமாக வைத்த பழைய ஜியைக் கடைசியில் கொண்டு வைப்பதா? செவனைவிட நைன்த் பெரிசு. பெரிசைக் கடைசியில் வைப்பதுதான் முறை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

வைத்தேன். நைன்த். முழுசாக.

அவள் "மரியே" என்று கடைசிச் சொல்லைப் பிடித்தாள். பிடித்தபடி நிற்கிறாள். ஜனம் நிற்கிறது. யாரும் அசையவில்லை. பாட்டு முடிந்ததா முடியவில்லையா என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி அடுத்த அடியை ஆரம்பித்து, தனியாக மாட்டிக்கொண்டு நிறுத்தினாள். சாமியார் ஒரு காலைப் படியில் வைத்து, ஒரு காலைப் பீடத்தில் வைத்து நிற்கிறார். சப்பரத்துக்குக் குனிந்தவர்கள் குனிந்தபடி. மிக்கேல் என்று ஒரு தடியன், முன் தண்டயம், அடியிலிருந்து கத்துகிறான்: "ஏ கிதாரு, முடிப்பியா மாட்டியா? இடுப்பு போவுது வே!"

சலேத்து திரும்பினாள்.

என் பக்கம். கழுத்து மட்டுமில்லை, ஆளே திரும்பினாள். குரலை விடாமல். கண்ணை அவ்வளவு பெரிசாக விரித்து என்னைப் பார்க்கிறாள். கல்யாணத்தன்றுகூட நான் அந்தக் கண்ணை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை, அன்றைக்குக் குனிந்திருந்தாள். அப்போது எடுப்பேனா விரலை? மறுபடி தட்டினேன். அதே நைன்த். பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு முறை தட்டினேன். அவள் முகம் சிவந்தது. மூச்சு தீர்ந்துகொண்டு வந்தது, எனக்கும் தெரிந்தது. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தாள் தம்பி.

அப்போது இடது பக்கத்திலிருந்து கர்டோசா தட்டினான். ஜி. சாதா ஜி. நான் வாசிப்பேனே, அதே ஜி. கப்பலும் இல்லை, வாசனையும் இல்லை.

"அப்பாடா" என்று கோவிலே மூச்சு விட்டது. சப்பரம் எழும்பியது. வேட்டு. பேண்டு. என் ஜியை எடுத்து என் தலையிலேயே போட்டான். யார் அவனைக் கேட்டது?

வெளியே வந்தால் கேலி. "என்ன வே தொம்மை, பாட்ட நங்கூரம் போட்டு நிப்பாட்டிட்டீரு?" என்று மிக்கேல். சலேத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என் இடது கையைப் பிடித்துத் திருப்பினாள். மோதிர விரலின் உள்பக்கம் தந்தி வெட்டின மூன்று கோடு, ஆறாமல் கறுத்துப்போயிருக்கும். அதைத் தடவிப் பார்த்தாள்.

"இதுக்கா?" என்றாள்.

"எதுக்கு?"

"இதுக்கா மோதிரத்தக் கழத்தினிய? இதுக்கா மத்தியானம் மத்தியானம் போனிய?"

"படகுல வச்சுப் பழகினேன்" என்றேன். "நல்லாருந்துதா?"

அப்படியே கோவில் படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாள், அழுகிறாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மறுபடி சிரிக்கிறாள். எதற்குச் சிரித்தாள், எதற்கு அழுதாள், எனக்கு விளங்கவில்லை. கர்டோசா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அதனால்தான் இருக்கும்.

"அண்ணே, உங்க நைன்த் சுத்தமா விழுந்துது" என்றான் என்னிடம். "ஆனா முடிவுல வைக்கப் பிடாது அண்ணே."

"உன்னக் கேட்டேனா?"

சாமியார் வந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாதா பாட்டுக்கு யார் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கர்டோசாவைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பேசி என்ன? கிதாரை உறையில் போட்டேன்.

சலேத்து எழுந்து முகத்தைத் துடைத்தாள். "இவருதான் சாமி வாசிப்பாரு. வேற யாரு வாசிச்சா நான் பாடுவேன்?" என்றாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம் அல்லவா? "முடிவ மட்டும் அண்ணன் போடட்டும்" என்றாள்.

அதிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. பாட்டு முழுக்க நான். கடைசித் தட்டு மட்டும் அவன். அதற்காக ஒரு ஆள் கிதாரை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறான். என்னால் பொறுக்க முடியாது என்றேன். ஒரு நிபந்தனை போட்டேன். நான் தலையாட்டினால்தான் அவன் தட்ட வேண்டும். அவன் ஒத்துக்கொண்டான். அவன் எதற்கும் ஒத்துக்கொள்வான், அது ஒரு வேஷம்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் கடைசிச் சொல்லில் நான் நைன்தை வைப்பேன். முன்னெல்லாம் மாதிரி இல்லை. அந்த இடம் நெருங்கும்போதே சலேத்து திரும்பிவிடுவாள். எங்கே தலையாட்டாமல் விட்டுவிடுவேனோ என்று, கண்ணை எடுக்காமல், புருவத்தை ஏற்றி, என்னையே பார்ப்பாள். ஜனம் நிற்கும். சாமியார் படியில் ஒரு காலோடு நிற்பார். கர்டோசா கையைத் தூக்கிக்கொண்டு என் தலையைப் பார்த்துக் காத்திருப்பான்.

நான் அவசரப்படுவதில்லை.

போன ஞாயிறு அவனுக்குக் கை மரத்துப்போயிற்றாம். வெளியே வந்து உதறிக்கொண்டிருந்தான். நன்றாக உதறட்டும்.